முந்தியில் வந்த எழுத்து

கதை கட்டி எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. இது நடந்தது. 2006, தை மாதம், பட்டப்பகலில்.

சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். அழிந்துபோன ஃபைல்களை மீட்டுக் கொடுப்பதும் உண்டு. அன்று மத்தியானம் சந்தியா என்ற பெண் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தாள். அவள் அப்பா வீரபத்திரன் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். முந்தின வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். பிறகு முதலாளி அந்த டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாராம்.

“என் கல்யாணப் புடவைக்கு டிசைன் போட்டுக்கினு இருந்தாருண்ணா. பாதியா இருந்தாலும் பரவால்ல. அது வேணும்.”

“எப்பம்மா கல்யாணம்?”

“வர்ற மாசம். மாப்பிள்ளை வாலாஜாபாத். அப்பா போனதுக்கு அப்புறம் வந்த சம்பந்தம்.”

இந்த மாதிரி டிஸ்க்கில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது. dd கட்டளை கொடுத்து அதன் முழு நகலையும் ஒரே ஃபைலாக எடுத்தேன். யாரும் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டினேன். md5sum கொடுத்துச் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொண்டேன். நகலில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். டிஸ்க்கைக் கழற்றி மேஜை ஓரமாக வைத்தேன்.

fls கொடுத்ததும் அழிந்த ஃபைல்களின் பெயர்கள் ஓடின. நடுவில் ‘_ANDHYA.BMP’. அழிந்ததில் முதல் எழுத்து மட்டும் போயிருந்தது. icat கொடுத்து அதை வெளியே எடுத்தேன்.

கட்டம் கட்டமாய்ப் புடவை முந்தி திரையில் விரிந்தது. மயில், சக்கரம்… நடுவில் ‘சந்தியா’ என்று பெயர். பக்கத்தில் வெறும் கட்டங்கள்.

“மாப்பிள்ளை பேருக்கு இடம் விட்டு வெச்சிருக்காரு…” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சி.டி.யில் போட்டுக் கொடுக்க இன்னொரு முறை எடுத்தேன்.

வெறும் கட்டத்தில் இப்போது ஒரு வளைவு இருந்தது.

மறுபடி எடுத்தேன்.

ஓர் எழுத்து… ‘வே’.

நகல் கெட்டுவிட்டதா? md5sum கொடுத்தேன்.

அதே எண். நகல் மாறவே இல்லை.

டிக்… டிக்… டிக்…

“அண்ணா… அந்த டிஸ்க்கு…”

ஒயரே இல்லாத டிஸ்க். தொட்டேன்.

சுட்டது.

மறுபடி. ‘வேண்’.

டிக்… டிக்…

மறுபடி. ‘வேண்டா’.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். சந்தியாதான் எட்டி என்டரைத் தட்டினாள்.

‘வேண்டாம்’.

சத்தம் நின்றது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“சரிப்பா.”

கல்யாணம் நின்றுபோனது. வீட்டில் அடி வாங்கினாள். ஊர் என்னென்னவோ பேசியது. கடைசிவரை அவள் காரணம் சொல்லவில்லை.

அந்த வாலாஜாபாத் மாப்பிள்ளை சித்திரையிலேயே வேறொரு பெண்ணைக் கட்டினான்.

ஆவணியில் பேப்பரில் செய்தி வந்தது. அந்தப் பெண் சமையலறையில் எரிந்து கிடந்தாளாம்.

கதவு வெளியே தாழ் போட்டிருந்ததாம்.