வரதனின் காரில் நான் உதறிய மை

ஒப்புக்கொள்கிறேன். வரதனின் கார் சீட்டில் இருந்தது அவருடைய பெரியப்பாவின் திருமண் அல்ல. என் பேனாவின் சிவப்பு மை. உதறியவன் நான்தான்.

ஆறு வருடமாக இதை யாரிடமும் நான் சொன்னதில்லை... பொய்! ஒருவரிடம் சொன்னேன். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். உங்களிடம் சொல்வதற்கு ஒரே காரணம்தான். நீங்கள் வரதனைச் சந்திக்கப் போவதில்லை என்கிற நம்பிக்கை. அந்த அளவுக்கு நான் கோழை.

என் பெயர் அருளப்பன். வேதியியல் ஆசிரியர். பாலக்கரையில் குடியிருப்பு. வரதன் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியர். ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் காலையில் காவிரிப் பாலம் தாண்டி வந்து, என்னைப் பாலக்கரையில் ஏற்றிக்கொண்டு, விமான நிலையச் சாலையில் இருக்கும் பள்ளிக்குப் போவார். நான் பெட்ரோல் போட வந்தால் கோபித்துக்கொள்வார். இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் நான் துரோகம் செய்தேன்.

புது கார் வாங்கியபோது சந்தன நிறத்தில் துணி சீட் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அழுக்குத் தாங்காது என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார்.

"கார்ல தூங்குங்கோ, சாப்பிடுங்கோ, ஜெபம் வேணாலும் பண்ணுங்கோ. எழுத மட்டும் எழுதப்படாது சார். உங்க பேனாவைப் பாத்தாலே நேக்கு வயித்தைக் கலக்கறது."

என் பேனா புட்டியிலிருந்து மை ஊற்றி எழுதுகிற பேனா. பந்துமுனைப் பேனாவால் விடைத்தாள் திருத்துகிறவர்களை நான் ஆசிரியர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. இந்தத் திமிர் எனக்கு உண்டு. அதையும் இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அது அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். பதினோராம் வகுப்பு விடைத்தாள்களை அன்று காலையே ஒப்படைத்தாக வேண்டும். நான்கு தாள்கள் பாக்கி. வழியில் வரதன் டயருக்குக் காற்றுப் பிடிக்க நிறுத்தி இறங்கினார். நான்கு சக்கரம், நான்கு தாள். சரியாக முடித்துவிடலாம் என்று முன் சீட்டில் இருந்தபடியே கட்டைப் பிரித்தேன்.

இரண்டாவது தாளில் பேனா மக்கர் செய்தது. தாளில் தெறிக்கக் கூடாதே என்று முன்னால் குனிந்து, கையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஓர் உதறு உதறினேன். முப்பது வருடப் பழக்கம். வகுப்பில் எனக்குப் பின்னால் கரும்பலகைதான் இருக்கும். காரில் சீட் இருக்கும் என்பது கைக்கு எப்படித் தெரியும்?

திரும்பிப் பார்த்தேன். சீட்டின் சாய்மானத்தில், கழுத்து படுகிற உயரத்தில், மூன்று சொட்டு. கீழ்நோக்கி வழிந்துகொண்டிருந்தது.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், மறுநாள் மறந்திருப்பார். ஏன் சொல்லவில்லை? சட்டத்தை மீறியது தெரிந்துவிடுமே என்ற வெட்கம். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. முதுகால் கறையை மறைத்துக்கொண்டு, பள்ளி வரும் வரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் சட்டை முதுகில் சிவப்பு ஒட்டியதை மாணவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குக்கூட மூட்டைப்பூச்சி என்று பொய் சொன்னேன்.

மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் காரில் விட்டுவிட்டேன் என்று சாவி வாங்கினேன். ஆய்வகத்திலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துப் போனேன். இந்த இடத்தில் வேதியியல் ஆசிரியன் என்ற முறையில் நான் தலைகுனிகிறேன். பந்துமுனைப் பேனா மைக்குத்தான் ஸ்பிரிட். புட்டி மை தண்ணீரில் கரைவது. அதற்குக் குளிர்ந்த தண்ணீரும் துளி பாத்திர சோப்பும் வெள்ளைத்துணியும் போதும். தேய்க்கக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வடிதாளில் மைப்புள்ளி வைத்து, அது ஈரத்தோடு ஊர்ந்து ஏறுவதை வருடா வருடம் மாணவர்களுக்குக் காட்டுகிறவன் நான். பதற்றத்தில் எல்லாம் மறந்து, அம்மியில் அரைப்பதைப் போல மேலும் கீழும் தேய்த்தேன்.

மூன்று சொட்டு ஒன்று சேர்ந்து ஒரே நெட்டைக் கோடாக ஆயிற்று. நாலு விரல் நீளம்!

அடுத்து சோப்புத்தூளைக் குழைத்துப் பூசினேன். அலசத் தண்ணீர் இல்லை. மணி அடித்துவிட்டது. சோப்பு இருபுறமும் வெள்ளையாகக் காய்ந்து கெட்டியாக ஒட்டிக்கொண்டது. மாலையில் ஒரு பூத்துண்டு வாங்கி வந்து சாய்மானத்தில் விரித்தேன்.

"என்ன சார், திடீர்னு துண்டு?"

"வேர்க்குதுங்க வரதன். உங்க சீட் பாழாயிடக் கூடாதுல்ல."

அவர் நெகிழ்ந்துபோனார். அது இன்னும் மோசம்.

வெள்ளிக்கிழமை துண்டைத் துவைக்க வீட்டுக்கு எடுத்து வந்தேன். திங்கட்கிழமை திரும்ப விரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சனிக்கிழமை என்று ஒரு நாள் நடுவில் இருப்பதை நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வரதன் தன் பெரியப்பாவைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனார். பெரியப்பாவுக்குத் தொண்ணூறு வயது. தகப்பனை இழந்த வரதனைத் தோளில் போட்டு வளர்த்தவர். சட்டை அணியாதவர், மேலுக்கு ஓர் உத்தரீயம் மட்டும். ஸ்ரீவைஷ்ணவ முறைப்படி உடம்பில் பன்னிரண்டு இடங்களில் திருமண் இட்டுக்கொள்வார். இரண்டு பக்கம் வெள்ளை, நடுவில் சிவப்பு ஸ்ரீசூர்ணம். அந்தப் பன்னிரண்டில் ஒன்று பின்கழுத்து. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் பெரியப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

பதிமூன்று நாள் காரியங்கள் முடிந்து வரதன் மறுபடி பாலக்கரைக்கு வந்தார். துவைத்த துண்டோடு நின்றிருந்தேன். முன் கதவைத் திறக்கப் போனவனை மெல்லத் தடுத்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்கோ. நீங்க இனிமே பின்னாடி உக்காந்துக்கறேளா?"

எட்டிப் பார்த்தேன். முன் சீட்டின் சாய்மானத்தில் கண்ணாடித்தாள் உறை தைத்திருந்தது. உள்ளே... என் கறை! இரண்டு பக்கம் வெள்ளை, நடுவில் சிவப்பு.

"அன்னிக்கு அவசர அவசரமா கிளம்பினோம் சார். பெரியப்பா திருமண் ஈரம் காயறதுக்குள்ள சாஞ்சுண்டுட்டார். ஆத்துல தரை, சுவர் எல்லாத்தையும் அலம்பி விட்டாச்சு, அவர் வேஷ்டியைக்கூடக் குடுத்தாச்சு. நேக்குன்னு இதைத்தான் விட்டுட்டுப் போயிருக்கார்."

வாயைத் திறந்தேன். "வரதன், ஒரு விஷயம்..." என்று தொடங்கியும் விட்டேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார். நீங்களாக இருந்தால் அந்த நேரத்தில் சொல்லியிருப்பீர்களா? சொல்லுங்கள்! நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

இதுவரை என் குற்றம் மௌனம் மட்டும்தான். பெருங்குற்றம் நாலு மாதம் கழித்து நடந்தது.

காரைக் கழுவ விட்டிருந்தோம். கழுவுகிறவர் நடுத்தர வயதுக்காரர், தொழில் தெரிந்தவர். உறைக்குள் ஒரு பார்வை பார்த்தார்.

"இது இங்க் கறை சார். சோப்பு வேற காஞ்சு போயிருக்கு. பத்து நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

வரதனின் முகம் வெளுத்தது. அவர் என்னைப் பார்த்தார். உண்மை எனக்காகத் தானே வந்து வாசலில் நின்ற நேரம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"அதுல கைய வைக்காதீங்க" என்று அதட்டினேன். "நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். இங்க் எது, ஸ்ரீசூர்ணம் எதுன்னு எனக்குத் தெரியாதா? அது சாமி விஷயம்."

கழுவுகிறவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். அங்கே பேனா இருந்தது, மூடியைச் சுற்றிச் சிவப்புக் கசிவோடு. டயரைக் கழுவப் போனார். உலகத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

வரதன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க கிறிஸ்தவர். உங்களுக்குத் தெரியறது பாருங்கோ" என்றார். எனக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அந்தச் சனிக்கிழமை பாவத்தை ஒப்புக்கொள்ள, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நான் சொன்ன ஒருவர் எங்கள் பங்குத்தந்தைதான். எல்லாவற்றையும் கொட்டினேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மரத்தட்டி. அதற்கு அப்பால் இருமல் மாதிரி ஒன்று கேட்டது. அது இருமல் அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார்.

"வேற ஏதாவது குடுங்க சாமி. நூறு ஜெபமாலை சொல்றேன்."

"பேரம் பேசாதீங்க."

அதன் பிறகு அவரிடம் போவதை நிறுத்திவிட்டு, வேறொரு கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். அங்கே கோபம், பொறாமை, பொடி போடும் பழக்கம் எல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொல்ல மாட்டேன்.

போன வருடம் வரதன் காரை மாற்றினார். சீட் தைக்கிறவரை வீட்டுக்கே வரவழைத்து, கறை இருந்த இடத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்து, வீட்டில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அலமாரியில் வைத்தார். புது காரின் சீட் கறுப்பு. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். மறுபடி முன் சீட் எனக்குக் கிடைத்தது.

மூன்றே மாதத்தில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. பாலக்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் வரதன்தான். இரத்தக்குழாயில் அடைப்பு, மறுநாள் காலையில் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். என் மனைவி ஸ்டெல்லா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். வரதன் ஸ்ரீரங்கம் போய்த் திரும்பி வந்து, அந்தத் துணியை என் தலையணைக்கு அடியில் செருகினார்.

"பெரியப்பா பாத்துப்பார். இது இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்."

"வேண்டாங்க வரதன். அது உங்களுக்குன்னு அவர் விட்டுட்டுப் போனது."

"நேக்கு அவர் நெனவு இருக்கு சார். உங்களுக்கு இப்ப இது வேணும்."

தன்னிடம் பெரியப்பாவின் மிச்சம் என்று இருந்த ஒன்றையும் எனக்குக் கொடுத்துவிட்டு, அந்த மனிதர் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த உலகத்தில் இதைவிட வெட்கப்பட்டு ஒருவன் ஆபரேஷன் அறைக்குள் போயிருக்க முடியாது. செத்தால் இந்தப் பாவத்தோடு சாவேன். பிழைத்தால் பெருமை என் சோப்புத்தூளுக்குப் போகும்!

பிழைத்துவிட்டேன். வரதன் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறார்.

துணி என் சட்டைப் பையில் இருக்கிறது, பேனாவுக்குப் பக்கத்தில். மூடியை மூன்று முறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைச் செருகுகிறேன்.

நேற்று துவைக்கப் போடும்போது ஸ்டெல்லா பையைத் துழாவினாள். அவளுக்கும் நான் எதுவும் சொன்னதில்லை. அவள் அறிந்தவரை அது வரதன் கொடுத்த புனிதப் பொருள். ஆனால் முப்பது வருடமாக என் சட்டைகளைத் துவைத்த கை அது. துணியை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னங்க, இது உங்க இங்க் மாதிரியே இருக்கே. தண்ணியில போட்டா போயிடுமே."

"போயிடும். அதனாலதான் போடாதே" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, துணியைப் பழையபடி மடித்து என் கையில் வைத்தாள்.

கேட்டுக்கொள்ளுங்கள், இதுதான் நான் சொல்ல வந்ததில் மிகக் கேவலமான பகுதி. அந்த மை எந்தப் புட்டி, எந்தக் கடையில் வாங்கியது, யாருடைய விடைத்தாளுக்காக உதறியது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் சின்னதாக ஏதாவது சுருக்கென்றால் என் கை ஜெபமாலையைத் தேடுவதில்லை. சட்டைப் பைக்குத்தான் போகிறது... பெரியப்பா, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு வரதன் வருவார். முன் கதவைத் திறந்துவிட்டு, "துணி இருக்கோன்னோ சார்?" என்று வழக்கம்போலக் கேட்பார். இருக்குங்க என்று சொல்லி ஏறி உட்காருவேன்.