ஓட்டை போட்ட அட்டை

குணமாலாவுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் யோசனையைக் கேட்டால் தன் மூளை துருப்பிடித்துவிடும் என்று நினைப்பு. முசரவாக்கத்திலிருந்து சின்ன காஞ்சிபுரத்துக்கு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். குறுக்கு வழியான ஏரிக்கரை முழுக்க வேலிக்காத்தான் முள். வாரம் தவறாமல் பஞ்சர். "பழைய ட்யூபைக் கிழிச்சு டயருக்குள்ள பட்டையா வைம்மா, முள்ளு ஏறாது" என்று பஞ்சர் கடை முனுசாமி தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டாளா?

அவள் பார்ப்பது அட்டை அடிக்கிற வேலை. புடவையில் எங்கே மயில் வரணும், எங்கே மாங்காய் வரணும் என்று தறிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக பிளாஸ்டிக் அட்டையில் வரிசையாக ஓட்டை போடுவார்கள். புழுவைக் கொன்று எடுக்கிற பட்டு நூலைத் தொடக்கூடாது என்றிருந்த சமண வீட்டில் மருமகளுக்குக் கிடைத்த வழி அது. "ட்யூபை விட இது எவ்ளோ கெட்டி தெரியுமாண்ணா!" என்று முனுசாமியிடம் பீற்றிக்கொண்டு, கழித்துப்போட்ட அட்டைகளை நறுக்கி டயருக்குள் அவளே வைத்தாள்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் பாதி தூரம் வந்தபோது பின்சக்கரம் உஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. முள் எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று அவளுக்குச் சொல்லவா வேண்டும்? அடிப் பாவி, வரிசை வரிசையாக ஓட்டை அடித்தவளே நீதானே!

சூரியன் பனைமரத் தலைக்கு இறங்கியிருந்தது.

கழனி நடுவில் இருக்கிற வீட்டில் மாமனார் ஜீவகுமார் தனியாக இருந்தார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போனவர். சமண நெறிப்படி பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டார். பகலிலும், எறும்பு பூச்சி விழுந்திருக்கிறதா என்று கண்ணுள்ளவர் பார்த்துச் சொல்லாமல் வாயில் வைக்கமாட்டார். ஊருக்குள் இருக்கிற நர்ஸ் பிரியதர்ஷினி டூட்டிக்குக் கிளம்பும்போது தினமும் வந்து இன்சுலின் ஊசி போட்டுவிட்டுப் போவாள். போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். அதற்குள் குணமாலா வந்துவிடுவாள். இதுவரை தவறியதில்லை.

போன் போட்டாள்.

"மாமா, ஊசி போட்டாச்சா?"

"ஆச்சும்மா. கை லேசா நடுங்குது. எங்க இருக்கிற?"

"சைக்கிள் பஞ்சராயிடுச்சு, வந்துக்கினே இருக்கேன். அலமாரில சர்க்கரை இருக்குது, ஒரு வாய் போட்டுக்குங்க."

"எறும்பு இருக்குமேம்மா. பாக்காம எப்படி?"

"ஐயோ மாமா, எறும்பு பொழச்சுக்கும்! நீங்க போட்டுக்குங்க!"

லைன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பிரியதர்ஷினி பஸ் ஏறியிருப்பாள். கணவன் வர்த்தமான் ஒரகடத்துக் கம்பெனியில் ஷிஃப்டில் இருந்தான்.

சைக்கிளை அப்படியே முள்ளில் தள்ளிவிட்டு ஓடினாள். செருப்பு வார் அறுந்தது. அதையும் வீசிவிட்டு ஓடினாள். குதிகாலில் முள் ஏறியது, பிடுங்க நிற்கவில்லை. தன்மேல் வந்த ஆத்திரத்தில் வாய்விட்டே திட்டிக்கொண்டாள். கரை இறங்குகையில் திரும்பிப் பார்த்தாள். சூரியன் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது கும்மென்று இருட்டு. ஜீவகுமார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை தரையைத் தடவிக்கொண்டிருந்தது.

விளக்கைப் போடப் போனவள் நிறுத்திக்கொண்டாள். ஸ்விட்ச் சத்தம் அவருக்குக் கேட்கும். போன் வெளிச்சத்தில் சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். எறும்பு இல்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து அவர் கையில் தட்டை வைத்தாள்.

"வெயில் இருக்குதாம்மா?"

அவர் குரல் குழறியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு பொய் சொன்னவள் இல்லை அவள்.

"இருக்குது மாமா. கரை மேல நிக்குது. சீக்கிரம் சாப்பிடுங்க."

நடுங்குகிற விரல்களால் ஒரு கவளம் எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அப்படின்னா நீயும் ஒரு தட்டு வச்சுக்கினு உக்காரும்மா."

குணமாலாவும் பிறந்ததிலிருந்து இருட்டில் சாப்பிட்டதில்லை. தட்டைச் சத்தம் கேட்க வைத்து, சோறு போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் காதைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கண்ணில் நீர் முட்ட, ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்று விழுங்கினாள்.

அதற்குப் பிறகுதான் அவர் தன் கவளத்தை வாயில் வைத்தார்.