தள்ளுபடியான கடனைக் கட்டியவள்

என் தங்கை தையல்காரி. முன்பு அவள் வைத்த துணிக்கடை நொடித்தபோது, கடன் கொடுத்த வங்கி பாதியை வாங்கிக்கொண்டு மீதியைத் தள்ளுபடி செய்தது. இப்போது வேறு வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால், அந்தத் தள்ளுபடியே குறுக்கே நின்றது.

"முழுசாக் கட்டாதவங்களுக்கு எப்படிம்மா தர்றது?" என்றார் மேலாளர்.

தங்கை நேராகப் பழைய வங்கிக்குப் போய் மீதியை நீட்டினாள்.

"விட்ட காசை யாரும்மா கொண்டாந்து கட்டுவாங்க?" என்று காசாளர் வாயைப் பிளந்தார்.

"உனக்கென்ன கிறுக்கா?" என்று நானும் கத்தினேன்.

"எனக்கு வீடு வேணும்ணே. நீ சும்மா இரு."

கணக்கு முழுதாக முடிந்ததென்று பதிவானது. மேலாளர் மறுபேச்சில்லாமல் கடன் கொடுத்தார். சாவி வாங்கிய அன்றே திரைச்சீலைக்கு ஜன்னல்களை அளந்தாள். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.