மழைப் படத்தில் எங்கள் தாலுகா

ஆறாம் பாரத்தில் எனக்குப் பூகோளம் என்றால் உயிர். கணக்கில் தட்டுத்தடுமாறுவேன், ஆனால் படம் வரைவதில் என்னை அடிக்க வகுப்பில் ஆளில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. தாளில் தேங்காய் எண்ணெய் தடவி, புத்தகத்தின்மேல் வைத்து எல்லைகளை ஒற்றி எடுப்பேன். சாயப்பெட்டி எங்கள் வீட்டில் ஏது? மஞ்சளை அரைத்தால் மஞ்சள் நிறம், அவரை இலையைக் கசக்கினால் பச்சை.

அந்த வருடம் பாறசாலைச் சந்தைக்கு யாரும் நிம்மதியாகப் போய்வரவில்லை. தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம். எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சேர்ந்தே தீரவேண்டும் என்பதில் அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா தையல்காரர். ஊர்வலத்துக்குக் கொடி தைத்தது அவர்தான் என்று எவனோ போலீசில் போய் ஊதிவிட்டான். அது பொய்யும் இல்லை.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய பூகோள நோட்டில் கடைசிப் படம், திருவிதாங்கூரின் மழை. தாலுகாவாரியாக மழை அளவைப் பூகோள சார் சொல்லச் சொல்ல எழுதியிருந்தோம். மழை அதிகம் என்றால் பச்சை, குறைவு என்றால் மஞ்சள். அந்தக் கணக்குப்படி எங்கள் தாலுகாவிலிருந்து தெற்கே கடல்வரை மஞ்சள் வந்தது. சனிக்கிழமை காலையில் அடித்து முடித்து, காயட்டும் என்று அப்பாவின் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் குத்திவைத்தேன். புத்தி கெட்ட வேலை.

பத்து மணிக்கு ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள், துணிமூட்டைகளை உதறினார்கள், அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள். கொடிகள் முந்தின நாளே போய்விட்டிருந்தன. வெறுங்கையோடு கிளம்பிய ஏட்டின் கண்ணில் படம் பட்டது.

"இது எந்தா?"

"மழைப் படமாக்கும் சார். பள்ளிக்கூடத்துல வரையச் சொன்னது."

"மழைக்கும் இவனுக நோட்டீசுக்கும் ஒரே எல்லையா?"

சேரவேண்டிய தாலுகாக்கள் என்று போராட்டக்காரர்கள் நோட்டீசில் அச்சடித்த படமும் அச்சு அசல் அதே வடிவம். எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு போலீஸ்காரர் அப்பாவின் கையைப் பிடித்தார். அந்த மாதங்களில் ஸ்டேஷனுக்கு நடந்து போனவர்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அடுத்த தெருக்காரர் ஒருவருக்கு விரல்கள் மடங்கவே இல்லை. தையல்காரனுக்கு விரல் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

"சாரே, அவ படிக்கிற பிள்ளையாக்கும்" என்று அம்மா கும்பிட்டாள்.

ஏட்டு அவளைப் பார்க்கவே இல்லை. "நெய்யாற்றின்கரை எதுக்கு மஞ்சள்ல கெடக்குது? அத மட்டும் சொல்லு" என்றார் என்னிடம்.

பூகோள சார் சொன்ன கணக்கு நோட்டில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அப்பாவின் கையைப் பிடித்த பிடி இறுகிக்கொண்டே போனது. என் வாயில் வந்தது வேறு.

"தப்பா அடிச்சிட்டேன் சார். அது பச்சையாக்கும். இப்பமே மாத்தித் தாறேன்."

அவரை இலை பறிக்க நேரமில்லை. துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து, எங்கள் தாலுகாவின் மஞ்சள்மேல் பூசினேன். கலங்கலாக ஒரு பச்சை வந்து, வடக்கே திருவனந்தபுரத்துப் பச்சையோடு ஒட்டிக்கொண்டது. அது காய்கிறவரை ஏட்டு நின்று பார்த்தார். பிறகு, "விடு அவன" என்றார்.

அவர்கள் போனபின் அப்பா மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். நூல் போகவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விரலைக் காப்பாற்றிக் கொடுத்தவள் நான், ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவார்?

திங்கட்கிழமை சார் நோட்டைப் புரட்டினார். மலையாளி, நல்ல மனிதர். மழைப் படத்தில் அந்தக் கலங்கல் பச்சைமேல் விரலை வைத்தார்.

"கொச்சே, இவிட இத்தன மழை உண்டோ?"

"இல்ல சார்."

"பின்னே?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் தாலுகாவின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். நோட்டு முழுவதிலும் அந்த ஒரு தப்புதான்.

பிறகு ஒரு நவம்பரில் எல்லை பிரிந்தது. தெற்கே நாலு தாலுகாவும் தமிழ்ப் பக்கம் போயின. நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். களியக்காவிளையில் கட்டிக்கொடுத்த என் அக்கா, நடந்துபோகிற தூரத்தில் வேறு மாநிலத்துக்காரி ஆனாள். பத்திரிகையில் வந்த படத்தை அப்பா மெஷின்மேல் விரித்துவைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தியா மக்கா, நீ அடிச்ச பச்சைதான். ஒரு நூல் பெசகல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த எல்லைக் கோட்டை அவர் தடவிக்கொண்டே இருந்தார். அவருடைய பத்து விரலும் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நான் அழுதேன்.