மதினியும் ஒரு ஜிபி பென் டிரைவும்

நீல நிறத்தில் ஒரு ஜிபி பென் டிரைவ் அது. பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறம் துருத்திக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்தால் நுனியில் பச்சை விளக்கு சிமிட்டும். 2008 பங்குனியில் விருதுநகர் பஜாரில் வாங்கினேன். வாங்கவைத்தவர் என் மதினி, அண்ணனின் மனைவி. பட்டாசு ஆலையில் பன்னிரண்டு வருஷம் திரி சொருகியவர்.

நான் அப்போது சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். தேதி குறித்துப் படம் சேர்ப்பது என் பழக்கம். ஆயுதபூஜையன்று ஆலைகளில் வேலை நடக்காது, மருந்து வெளியில் இருக்காது. கேமராவை உள்ளே விடுகிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். லேபிள் கொடுக்கும் சாக்கில் மதினியின் ஆலைக்கும் வருஷா வருஷம் போய்ப் படம் எடுப்பேன். 2007-இல் எடுத்த படத்தில், சந்தனம் தெளித்த ஓர் அறைச் சுவருக்கு முன்னால் பதினொரு பெண்கள் நிற்கிறார்கள். சுவரில் அறை எண்ணும், அதன் கீழே ‘நான்கு பேர் மட்டும்’ என்ற எழுத்தும் தெரியும்.

அந்தச் சீசன் முடிவதற்குள், பதினொரு பேரும் உள்ளே வேலையில் இருந்தபோது அந்த அறை வெடித்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். மதினிக்கு வலது கை விரல்கள் மடங்காமல் போயின. அறையில் வேலை பார்த்தவர்கள் நான்கே பேர்தான், மதினி உட்பட மற்ற ஏழு பேரும் யாரென்றே தெரியாது, வேடிக்கை பார்க்க வந்திருப்பார்கள் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. வேனில் ஆள் கூட்டிப்போகும் ஏஜென்ட் எங்கள் வீட்டுக்கே வந்து, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார். மதினி உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

“துட்டு கெடக்கட்டும். பன்னெண்டு வருசமா அங்கன பாத்தது வேலையா, வேடிக்கையான்னு மொதல்ல எழுதச் சொல்லுங்க.”

மதினி தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார், விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அந்தப் படம் என் வசம் இருப்பது தெரிந்ததும் அச்சக முதலாளி அதைத் தன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். ஆர்டர் போய்விடும் என்ற பயம். எடுத்துக்கொண்டேன், ஆனால் அழிக்கவில்லை. அதற்காகவே வீட்டில் ஒரு சேமிப்புக் கணினி கட்டினேன். ஒரே அளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பதிவது மற்றதிலும் அப்படியே பதியும். கணினியை எழுப்புகிற மென்பொருளை எதில் வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இன்னொரு சின்ன டிஸ்க் போட்டால் சூடு கூடும். பென் டிரைவ் சீக்கிரம் கெட்டுவிடும் என்று படித்திருந்தேன். படங்கள் இருக்கும் டிஸ்கிலேயே ஒரு மூலையில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, அதை அண்ணனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் தூங்கிவிட்டார். இடது கையால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மதினிதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுப்புறதையும் சரக்கையும் ஒரே எடத்துலயா வப்பீக? அன்னைக்கி அதத்தான செஞ்சாக.”

திரி சொருகும் அறையில் முடிந்த சரக்கை அடுக்கக் கூடாது. ஆர்டர் நெருக்கடியில் அன்று அடுக்கியிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் வெடிக்காது மதினி என்று சிரித்தேன். வெடிக்காது, கெட்டால் எழுப்புவதும் படமும் சேர்ந்துதானே கெடும் என்றார். மறுநாள் பென் டிரைவை வாங்கி வந்து காட்டினேன்.

“இத்துனூண்டு குச்சியா அம்புட்டையும் எழுப்பப் போகுது? ஒங்க அண்ணன எழுப்பவும் ஒண்ணு வாங்கியாங்க, கொழுந்தனாரே.”

சிவகாசி ஸ்டுடியோவில் படத்தைப் பிரதி போடக் கொடுத்தால் சேதி ஆலைக்குப் போய்விடும். அதனால் கடைசி நாள் மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று வைத்திருந்தேன். விசாரணைக்கு மூன்று நாள் முன்பு, நான் அச்சகத்தில் இருந்த நேரம், ஏஜென்ட் நலம் விசாரிக்க வந்தாராம். படம் என்னிடம் இருக்கும் சேதி அச்சகம் வழியாக அவருக்கு எட்டியிருக்க வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்டாராம். மதினி செம்போடு திரும்பியபோது பெட்டியின் பின்னால் பச்சை விளக்கு இல்லை. ஏஜென்ட்டின் சட்டைப் பையில் பென் டிரைவின் நீல முனை தெரிந்தது. மதினி தண்ணீரைக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் மின்வெட்டு முடிந்த பிறகு கணினி எழவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்துப் பதறினேன். பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று மதினியிடம் கோபப்பட்டேன்.

“சத்தம் போட்டா பெட்டியவுல்ல தேடுவாக. எழுப்புற குச்சிய எடுத்துக்கிட்டு, அம்புட்டும் கெடச்சிருச்சுன்னு போறாக. போகட்டும் விடுங்க.”

மறுநாள் வேறொரு பென் டிரைவ் வாங்கி, மென்பொருளை அதில் ஏற்றி, டிஸ்க் இரண்டையும் சேர்த்தேன். ஒரு படம்கூடக் குறையாமல் தேதி வரிசையில் வந்து நின்றன. அன்றே மதுரைக்குப் போய்ப் பிரதி போட்டு வந்தேன்.

விசாரணையில் ஏஜென்ட் வெகு நிதானமாகப் பேசினார். இந்தப் பெண்கள் ஆலைக்குள் நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம் இருந்தாலும் காட்டட்டும் என்றார். மதினி படத்தை மேஜையில் வைத்தார். தேதியைக் கம்ப்யூட்டரில் மாற்றலாம் என்று ஏஜென்ட் அடுத்துச் சொன்னார். மதினி அவர் பக்கம் திரும்பவில்லை. மடங்காத விரலால் முகம் முகமாகத் தொட்டு, பெயரையும் ஊரையும் வந்த வேனையும் சொன்னார். இறந்த மூவரின் முகங்களிலும் நிறுத்தாமல் சொன்னார். கடைசியாகச் சுவரில் இருந்த எழுத்தை அதிகாரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, பதினொரு பேரையும் எண்ணினார். ஏழு பேரும் தொழிலாளர்கள் என்று எழுதாமல் அதிகாரியால் எழுந்திருக்க முடியவில்லை.

மதினி இப்போது இல்லை. ஆலைக்கும் வேறு பெயர் வந்துவிட்டது. போன மாதம் அங்கிருந்து ஓர் இளைஞர் மரியாதையாகவே வந்தார். பழைய கதை, யாருக்கும் பிரயோஜனம் இல்லை, அந்தப் படத்தை அழித்துவிடலாமே என்றார். அழிப்பதாக இல்லை என்றேன். பெரிதாகப் பிரதி போட்டுத் தருகிறேன், அலுவலகச் சுவரில் மாட்டுங்கள், பதினொரு பெயரையும் கீழே நானே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன்.