அலம்பிய மணலில் வெந்த கேக்

மாடி வீட்டுப் பெண் நேற்று சாயங்காலம் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தட்டில் ஒரு கேக். நடுவில் குழி விழுந்து, ஓரமெல்லாம் கறுத்து, பார்க்கவே பாவமாக இருந்தது. “வீடியோ பாத்துதான் ஆன்ட்டி பண்ணேன். இப்படி உக்காந்துடுச்சு. தூக்கிப் போட மனசு வரல, ஏதாவது பண்ண முடியுமா?” என்றாள். இந்தக் கொட்டிவாக்கம் அடுக்குமாடியில் நான் சமையலில் பெரிய ஆள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என் கணவரைக் கேட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். வைத்துவிட்டுப் போம்மா என்றேன். அவள் போனபின் தட்டைக் கிட்டே இழுத்தேன். வேகாத மாவும் வனிலாவும் கலந்து ஒரு வாசனை வந்தது பாருங்கள், அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இதே வாசனை ஒரு தீபாவளியன்று மயிலாப்பூரில் எங்கள் சமையலறையில் அடித்தது. குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அந்த வருஷம் சித்திரையில் அப்பா போய்விட்டார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், மத்தியானம் இல்லை. அம்மா அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் சமையலறைப் பக்கமே வரவில்லை. நானும் தங்கை வித்யாவும் எதைப் பண்ணி வைத்தாலும் நாலு வாய் மோர் சாதம், அத்தோடு எழுந்துவிடுவாள். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. “இவளும் போயிட்டா நாம என்னடி பண்ணுவோம்?” என்று வித்யா ஒருநாள் வாய்விட்டே கேட்டாள். நான் அவளை அதட்டினேன். எனக்கும் அதே பயம்தான்.

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வாணலி வைத்துப் பட்சணம் பண்ணக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கும் தூக்கும் டப்பாவுமாக வந்து சேர்ந்தன, மைசூர் பாகும் தேன்குழலுமாக. “நீங்க சாப்டுங்கோடி” என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அப்போது தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்த புதிது. தப்பாக பில் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. என் தப்பையெல்லாம் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பவள் பக்கத்து சீட்டு கிளாரா, சிந்தாதிரிப்பேட்டைக்காரி. தீபாவளிக்கு முன்னால் அவளிடம் புலம்பித் தீர்த்தேன். “பட்சணம்தானே கூடாது? கேக் போடு. கேக்கு வேணாம்னு உங்க சாஸ்திரத்துல எங்கனா கீதா?” என்றாள்.

அட, ஆமாம்! அதிலும் அம்மாவுக்கு கேக் என்றால் உயிர். சம்பள நாளில் அப்பா வாங்கிவரும் முட்டையில்லாத கேக்கில் தன் துண்டை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். எங்கள் வீட்டில் ஓவன் ஏது என்றேன். “ஓவன் இன்னாத்துக்கு? குக்கர் கீதுல்ல? அடியில மணலைக் கொட்டி நல்லா சூடு பண்ணு. கேஸ்கட்டு, வெயிட்டு ரெண்டும் வேணாம். அவ்ளோதான்.” முட்டைக்குப் பதிலாக கன்டென்ஸ்டு மில்க் என்றும் சொல்லிக் கொடுத்தாள்.

அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தீபாவளியன்று காலையில் வித்யா போய் அங்கே ஒரு முறம் மணல் கேட்டிருக்கிறாள். “மண்ணுல கேக்கா? நல்லா வருவீங்கம்மா, எடுத்துனு போ” என்றாராம் அங்கிருந்த வாட்ச்மேன். அந்தக் குவியலின் மேல் ஒரு நாய் படுத்திருந்ததாம். நாய் படுத்த மணலை, தினமும் சாதம் வைக்கும் குக்கரில் எப்படிப் போடுவது? மடியும் ஆசாரமுமாக வளர்ந்த பெண். அரிசி களைவது மாதிரி களைந்து களைந்து நீரை இறுத்து, ஈரத்தோடு குக்கரில் கொட்டி வைத்திருக்கிறாள். கிளாரா சொன்னதில் ஒன்று விடாமல் செய்தேன். மணலை அலம்பாதே என்று சொல்ல வேண்டும் என அவளுக்கு எப்படித் தோன்றும்?

மூடியைத் திறந்தால் ஒரே ஆவி. கேக் நடுவில் அமுங்கி, இட்லியும் இல்லாமல் களியும் இல்லாமல் ஒரு ஜந்து.

“மணலை எவளாவது அலம்புவாளாடி, மண்டு!”

“நாய் படுத்துண்டிருந்ததுடி! நீன்னா அப்படியே போட்டுருப்பே!”

கத்திக்கொண்டே இருவரும் அழ ஆரம்பித்துவிட்டோம். திரும்பினால் சமையலறை வாசற்படியில் அம்மா. கேக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். “இவ்வளவு பாலையும் மைதாவையும் பாழாக்கி வெச்சிருக்கேளே. அந்த வாணலியை எடு.”

“அம்மா, வருஷம் முடியலையே” என்று வித்யா இழுத்தாள்.

“பட்சணமா பண்றேன் நான்? வீணாப் போனதைத் தேத்தறேன். நகரு.”

உதிர்த்தாள். நெய்யை ஊற்றி வறுத்தாள். பாலும் சர்க்கரையும் சேர்த்து, ஏலக்காயைத் தட்டிப் போட்டு, கை ஓயாமல் கிளறினாள். கேக் அல்வாவாகச் சுருண்டு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கரண்டிச் சத்தம் சமையலறையில் கேட்டது. எங்களுக்கு மூச்சு விடவே பயம்.

அம்மா ருசி பார்த்துச் சமைப்பவள் இல்லை. எதைப் பண்ணினாலும் கரண்டி நுனியில் எடுத்துக்கொண்டு அப்பாவைக் கூப்பிடுவாள். அவர் வந்து உள்ளங்கையை நீட்டுவார். அன்றும் கரண்டியில் கொஞ்சம் எடுத்தாள். கூடத்துப் பக்கம் திரும்பி, “ஏன்னா, செத்த வாங்கோளேன், தித்திப்பு போறுமா பாருங்கோ” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கரண்டியைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. நாங்களும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதோம். எல்லாம் ஓய்ந்த பிறகு அம்மாவே கரண்டியிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டாள். “தித்திப்பு கொஞ்சம் தூக்கல்” என்றாள். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அடுப்பில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

மாடி வீட்டுக் கேக்கையும் அதே மாதிரி கிளறிக் கொடுத்தனுப்பிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு ஏகக் குஷி.

அம்மா போய் இது ஐந்தாவது மாதம். மயிலாப்பூர் வீட்டை இடித்தாயிற்று. தூக்கும் டப்பாவுமாக வந்தவர்கள் எங்கெங்கேயோ இருக்கிறார்கள், பாதிப் பேர் இல்லவும் இல்லை. அடுத்த வாரம் தீபாவளி. கல்யாணமான பெண்ணுக்கு அம்மாவின் தீட்டு மூன்றே நாள்தான். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வந்து என் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். இப்போது பட்சணத்துக்குச் சாமான் வாங்கியாகிவிட்டது. பண்ணி, மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். அம்மாவுக்காக ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு வருஷம் கிடையாது.