ஓர்வலின் அச்சு

ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்த அருங்காட்சியகத்துக்குள் ஊரிலேயே காலெடுத்து வைக்காதவள் லொரீன் டீக் ஒருத்திதான். பள்ளிக்கூடச் சமையலறையில் ஆயுசெல்லாம் உருளைக்கிழங்கு மசித்தவள், எவனுக்கும் பயந்தவள் அல்ல. அந்தக் கட்டடத்துக்கு மட்டும் பயந்தாள்.

உள்ளே அவள் புருஷன் ஓர்வல் நின்றான். முதல் குடியேறிகள் வந்த தட்டைப்படகைச் செய்து வைத்தபோது, பொம்மைகளுக்கு ஊர்க்காரர்கள் முகத்திலேயே அச்செடுத்தார்கள். துடுப்பு பிடித்தவனுக்கு ஓர்வலின் முகம். அடுத்த வசந்தத்து வெள்ளத்தில் ஓர்வல் மீன்பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவேயில்லை. மயானத்தில் அவன் பெயரோடு கல் இருக்கிறது, கீழே யாரும் இல்லை. அதுதான் அவளை இத்தனை வருஷமும் அரித்தது.

இப்போது பொம்மைகளை மாற்றப்போகிறார்களாம். ஓர்வலின் முகம் வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பொறுப்பாளர் கிளெண்டா போன் செய்தாள். லொரீன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு போனாள்.

இந்த ஆறுதான் நம் முன்னோரைக் கொண்டுவந்து சேர்த்தது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தது.

“கொண்டுவந்தத எழுதிட்டீங்க. கொண்டுபோனத எவன் எழுதுறது?” என்றாள் லொரீன்.

துடுப்புக்காரனின் மூக்கில் சாயம் உரிந்திருந்தது. “இந்த ரப்பர் மூஞ்சி எனக்கு எதுக்கு?”

“அச்சு உள்ள இருக்குக்கா,” என்றாள் கிளெண்டா.

சாமான் அறையில் அந்தச் சுண்ணாம்பு அச்சை எடுத்துக் காட்டினாள். புருவக் குழியில் நாலைந்து மயிர் ஒட்டியிருந்தது.

“வாஸ்லின் பூச மறந்துட்டாங்க. பிய்க்கும்போது என்னமா கத்துனாரு.”

“பாதிப் புருவத்தோட வந்தாரு. ஒரு வாரம் சிரிச்சேன்,” என்ற லொரீன், சட்டென்று நிறுத்தினாள். அது ஓர்வலின் மயிர். அவன் உடம்பு. புதைக்க ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

பதறி விலகினாள். குழிந்த முகம் அவளோடு திரும்பியது. மறுபக்கம் நகர்ந்தாள், அங்கேயும் திரும்பியது.

“குழிஞ்ச முகம் அப்படித்தான் தெரியும்க்கா. நம்ம கண்ணு பண்ற வேலை.”

“அவரு கண்ணு மூடித்தான இருக்கு?”

“ஆமா.”

“மூடிக்கிட்டே பாக்குறாரு.”

சனிக்கிழமை மயானத்தில், குழி வெட்டிய வெண்டெல் அச்சோடு உள்ளே இறங்கி நின்றான். “எப்படி வைக்கட்டும்?”

“குப்புற வை. மேல பாத்து வெச்சா நான் வீட்டுக்குப் போக முடியாது.”

அவன் அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினான். லொரீன் கார் வரைக்கும் நடந்துவிட்டாள். திறந்த கதவை மறுபடி மூடினாள். திரும்பி வந்தாள்.

“திருப்பி வை, வெண்டெல்.”

“குப்புறன்னுதான சொன்னீங்க?”

“ஆத்துல அப்படித்தான கெடந்திருப்பாரு.”

வெண்டெல் மறுபடி குழிக்குள் இறங்கினான்.